காட்டைக் காப்பவர் யார்?

(காந்தலூர்க் கூட்டத்தில் பேசியது)



காடு வேண்டும், விலங்கும் வேண்டும். இதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. எப்படிக் காப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

மனிதனை அப்புறப்படுத்தினால்தான் விலங்கு பிழைக்கும் என்பது ஒரு கட்சி. இரவிகுளத்தைச் சான்று காட்டுகிறார்கள். தேயிலைத் துரைமார் வேட்டையாடிய மலை அது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. வரையாடு பிழைத்தது, மெய்தான். ஆனால் துரைமார் காலத்திலேயே அங்கே காவல் நின்றவர்கள் யார்? முதுவர்கள்!

காட்டில் வாழ்பவனே அதைக் காப்பான் என்பது மறுகட்சி. கீழே சின்னாறைப் பாருங்கள். 1984-இல் சரணாலயமான பின்னும் முதுவரும் மலைப்புலையரும் உள்ளே குடிகளில் வாழ்கிறார்கள். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் அங்கேதான் வாழ்கின்றன.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டையும் விலங்கையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்தது. பழங்குடியின் உரிமை முதலுரிமை. அதில் நாம் போட்டியிடக் கூடாது. ஆனால் வனநிலத்தை நம்பி வாழும் மற்றவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கூலிக்கு மலையேறிய பாட்டனிடம் பத்திரம் ஏது?

தோழர்களே, பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் ஒரு சான்று என்கிறது விதி. அது ஒன்று மட்டும் போதாது. பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வரி ரசீதையும் தேடி எடுங்கள். கிழவர்கள் கண்மூடுமுன் அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். உரிமை உள்ளவனுக்கே காவல் காக்கவும் மனம் வரும்!