மூச்சைக் காப்போரின் மூச்சையும் காப்போம்



நம் பிள்ளைகள் பலர் மருத்துவமனைப் பணிக்குச் செல்கின்றனர். மருத்துவராக, செவிலியராக, வார்டு உதவியாளராக, துப்புரவுப் பணியாளராகப் பணியாற்றும் அவர்கள் அனைவரும் சுவாசிப்பது ஒரே அறையின் காற்றை. அக்காற்றைக் குறித்தே இன்று நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

நோயாளிக்கு மூச்சுத் திணறும்போது வாய்வழியே மூச்சுக்குழாயினுள் செயற்கைக் குழாய் செருகுவர். சளியை உறிஞ்சி எடுப்பர். தேவையெனில் கழுத்தில் துளையிட்டும் மூச்சுக்கு வழி அமைப்பர். இவை உயிர் காக்கும் பணிகள். ஆயினும், அவ்வேளையில் பணியாளரின் முகம் நோயாளியின் வாய்க்கு மிக அருகில் இருக்கிறது. நோயாளி இருமினால் பெருந்துளிகள் விரைவில் தரையில் வீழும். கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளோ நெடுநேரம் காற்றில் மிதக்கும்.

2003-ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவியபோது, உலகெங்கும் நோயுற்ற ஏறத்தாழ 8,000 பேருள் ஐவரில் ஒருவர் மருத்துவப் பணியாளர். ஹாங்காங்கில் அந்நோய்க்குப் பலியான மருத்துவப் பணியாளர் எண்மர்: மருத்துவர் நால்வர், செவிலியர் ஒருவர், வார்டு உதவியாளர் மூவர். பட்டமும் பதவியும் பார்த்துக் கிருமி விலகுவதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

காப்பதற்கு வழிகள் உண்டு. இப்பணிகளின்போது அறையில் இன்றியமையாதோர் மட்டுமே இருத்தல் வேண்டும். குழாய் செருகுபவர் நல்ல தேர்ச்சி உடையவராக இருத்தல் வேண்டும். சாதாரண முகக்கவசத்தின் ஓரங்களில் காற்று புகும். ஆதலால் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசமும் கண்காப்பும் வேண்டும். அறையின் காற்று இடைவிடாது வெளியேற்றப்பட வேண்டும்.

புதுமை என்பதாலேயே எதையும் ஏற்றுவிடலாகாது. 2020-இல் தைவான் மருத்துவர் ஒருவர், நோயாளியின் தலையை மூடும் ஒளிபுகும் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். கவசங்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் அது பல நாடுகளில் பரவியது. ஆய்ந்து பார்த்தபோதோ, அது கைகளின் அசைவைத் தடுத்துக் குழாய் செருகும் நேரத்தை நீட்டித்தது. கைத்துளைகளின் வழியே நுண்துளிகளும் வெளிவந்தன. காற்றை உறிஞ்சும் அமைப்பில்லாத அத்தகைய பெட்டிகளுக்கு அளித்திருந்த அவசர அனுமதியை அமெரிக்க அரசு அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திரும்பப் பெற்றது. நல்லெண்ணம் மட்டும் போதாது. சோதித்தறியும் அறிவும் வேண்டும்.

இளைஞர்களே! குழாய் செருகி முடித்து மருத்துவர் வெளியேறிய பின், துடைப்பத்துடன் அவ்வறைக்குள் நுழைபவர் யார்? பெரும்பாலும் நம்மவர். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் நூற்றுக்கு 99 பங்கு நீங்க 23 நிமிடங்கள் ஆகும். 6 முறை மட்டுமே மாறுமாயின் 46 நிமிடங்கள் ஆகும். இக்கணக்கை அவருக்கு எடுத்துரைப்போர் இல்லையேல், அவர் ஐந்தாம் நிமிடத்திலேயே உள்ளே செல்வார், அதுவும் துணிக்கவசத்துடன்.

ஆகவே, இப்பணிகளில் உள்ள நம்மவர் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்க வேண்டும்: இவ்வறையில் காற்று எத்தனை முறை மாறுகிறது? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? மருத்துவர் அணியும் கவசம் எமக்கும் உண்டா? இவ்வாறு கேட்பது அடங்காமை அன்று, அது உரிமை. அவ்வுரிமையை அறிந்து கேட்கும் ஆற்றலைத் தருவதே நம் கல்விப் பணியின் பயன்.