முதல் விளையாட்டு சின்னதாக இருக்கட்டும்

(எமது நிதியத்தின் வாசிகசாலையில், பெற்றோரும் இளைஞர் யுவதிகளும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

'வீடியோ கேம் செய்வது எப்படி' என்ற இன்றைய தலைப்பைக் கேட்டதும், "ஐயையோ, இவங்களே புள்ளைங்களக் கெடுக்க வந்துட்டாங்களா?" என்று பின்வரிசையில் ஒரு தாய் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்று கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். சிக்னல் தேடிப் பிள்ளையோடு மேட்டில் ஏறி நின்றவர்களும் இருக்கிறார்கள். பாடசாலை திறந்துவிட்டது, போன் மட்டும் லயத்திலேயே தங்கிவிட்டது. இப்போது அதில் ஓடுவது பாடமல்ல, விளையாட்டு. ரீலோட் போட்ட காசு இரண்டு நாளில் போன இடம் தெரியவில்லை. மலையில் ஒரு முழுப்பேர் எடுப்பதற்கு என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு வயிறு எரியாதா?

விளையாடுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதில் அவர்கள்தான் எங்களுக்கு வாத்தியார். அந்த விளையாட்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார் அல்லவா? அந்த இடத்தில் நம் பிள்ளை உட்கார்ந்தால் என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கதை. 1984ஆம் ஆண்டு மொஸ்கோவில், விஞ்ஞானக் கழகத்தின் கணனி நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஐந்து சதுரங்கள் ஒட்டிய மரத்துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் ஒரு பழைய விளையாட்டு அவருக்குப் பிடிக்கும். அதைக் கணனியில் செய்து பார்க்க நினைத்தார். ஐந்து சதுரமென்றால் பன்னிரண்டு வகைத் துண்டு வருகிறது, ரொம்ப அதிகம். ஆகவே ஒரு சதுரத்தைக் குறைத்து நான்காக்கினார், ஏழு வகைதான் வந்தது. அவருடைய கணனியில் படம் வரையவே வசதியில்லை, எழுத்தும் குறியும்தான் வரும். பரவாயில்லையென்று அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதுரமாகக் காட்டினார். துண்டுகள் மேலிருந்து விழுந்தன. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே பெட்டி நிரம்பி விளையாட்டு முடிந்துபோயிற்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது: ஒரு வரிசை முழுதாக நிரம்பினால் அந்த வரிசை மறைந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு விதிதான் 'டெட்ரிஸ்' என்று உலகமெல்லாம் போனது. அதைச் சாதாரண மேசைக் கணனிக்கு மாற்ற உதவியவர்களில் ஒருவர் வதிம் கெராசிமோவ் என்ற பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பையன். (இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த விளையாட்டால் மற்றவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். செய்தவர் கைக்கு அதன் உரிமைப் பணம் வரத் தொடங்க 1996 வரை ஆனது. உழைத்தவனுக்குக் கடைசியில் வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது போலும்.)

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய சங்கதி, அந்த மனிதர் கூட்டிக்கொண்டே போகவில்லை, குறைத்தார் என்பதுதான்.

நம்முடைய பையன்களிடம் "என்ன கேம் செய்யப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். துப்பாக்கி வேண்டும், கார் வேண்டும், பெரிய பட்டணம் வேண்டும், நூறு பேர் ஒரே நேரத்தில் விளையாட வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட விளையாட்டுகளை நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் செய்கிறார்கள். தனியாளாகச் செய்து பெயரெடுத்தவர்களும் உண்டுதான். அமெரிக்காவில் எரிக் பரோன் என்பவர் 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய விளையாட்டைத் தனியாகவே செய்து 2016இல் வெளியிட்டார். அதற்கு அவருக்கு நாலரை வருடம் பிடித்தது. முதல் விளையாட்டுக்கு நாலரை வருடம் ஒதுக்க நம்மில் யாருக்கு முடியும்? எங்கள் வாசிகசாலைக் கணனியில் இப்படிப் பெரிதாகத் தொடங்கிப் பாதியில் கிடப்பவை பல. முடித்தவை மிகச் சில. முடித்தவை எல்லாமே சின்னவை. எங்கள் அபிப்பிராயம் இது: முதல் விளையாட்டு இரண்டு மூன்று நாளில் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். முடித்தவனுக்குத்தான் அடுத்ததைத் தொடங்கத் தைரியம் வரும்.

சரி, எதில் செய்வது? 'ஸ்க்ராச்' என்ற மென்பொருளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உருவாக்கி 2007இல் வெளியிட்டார்கள். இலவசம். ஒருமுறை கணனியில் இறக்கிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலேயே வேலை செய்யும், டேட்டா செலவில்லை. கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகள் மாதிரி இருக்கும், ஒன்றின் கீழ் ஒன்றைக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும். பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது. கணனி இல்லை, போன்தான் இருக்கிறது என்பவர்களுக்கு, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகமொன்றில் உருவான 'பொக்கெட் கோட்' என்பதும் இதே மாதிரிதான். ஆனால் சின்னத் திரையில் கட்டை அடுக்குவது கண்ணுக்கு வேதனை. முடிந்தவரை கணனிக்கு வாருங்கள்.

கணனியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அதில் மூன்று விஷயம் எழுதுங்கள். விளையாடுபவர் என்ன செய்வார்? எதனால் ஜெயிப்பார்? எதனால் தோற்பார்? இந்த மூன்றுக்கும் மூன்று வரி போதவில்லையென்றால் விளையாட்டு பெரிதாகிவிட்டது, குறையுங்கள்.

இங்கே ஒரு பிள்ளை எழுதியதைச் சொல்கிறோம். சாதாரண தர வகுப்பில் படிக்கிற பிள்ளை. "கூடையை இடம் வலமா நகர்த்தணும். மேலேயிருந்து விழுற கொழுந்தைப் பிடிக்கணும். பத்துக் கொழுந்து தரையில விழுந்தா தோல்வி." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஸ்க்ராச் திரையை வரைபடத் தாள் போல நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி பூச்சியம். இடமிருந்து வலமாக, கழித்தல் 240இலிருந்து 240 வரை. கீழிருந்து மேலாக, கழித்தல் 180இலிருந்து 180 வரை. வலப்பக்க அம்புக்குறியை அமர்த்தினால் கூடை 10 கூட வேண்டும், இடப்பக்கமென்றால் 10 குறைய வேண்டும். கொழுந்து உச்சியில் ஏதாவதொரு இடத்தில் தோன்றி, ஒவ்வொரு தரமும் 5 குறைந்துகொண்டே இறங்க வேண்டும். கூடையில் பட்டால் புள்ளி ஒன்று கூடி மறுபடி மேலே போக வேண்டும். கணிதப் பாடத்தில் 'இது எதுக்கு உதவும்' என்று கேட்ட அதே ஆள்கூறுதான்! அன்றைக்கு அது கூடையை நகர்த்தியது.

முதல் நாள் அவள் விளையாடினாள், 14 புள்ளி. பிறகு தம்பியை உட்காரவைத்தாள். அவன் ஒரு கொழுந்தும் பிடிப்பதற்கு முன்பே 14 காட்டியது. தொடங்கும்போது புள்ளியைப் பூச்சியமாக்கு என்ற கட்டையை வைக்க மறந்துவிட்டாள். நேற்றைய நிறுவையோடு இன்றையதைச் சேர்த்துவிட்ட மாதிரி! இப்படியொரு பிழை நம் செக்ரோலில் நமக்குச் சாதகமாக விழுந்தால் நன்றாயிருக்கும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 1972இல் அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் செய்த 'பொங்' விளையாட்டில், ஒரு மின்சுற்றுக் குறையால் மட்டை திரையின் உச்சிவரை போகவில்லை. அவர் அதைத் திருத்தாமலே விட்டுவிட்டார். இல்லாவிட்டால் கெட்டிக்காரர்கள் இருவர் விளையாடினால் ஆட்டம் முடியவே முடியாது.

அடுத்த ஞாயிறு அவளுடைய அம்மா வந்தார். கொழுந்தெடுப்பவர், இருபது வருடத்துக்கு மேல் மலை ஏறியவர். மகள் விளையாட்டைக் காட்டினாள். "கொழுந்து எப்படி மேலேருந்து விழும்?" என்று முதலில் சிரித்தார். பிறகு இரண்டு தடவை விளையாடிவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் பிடிச்சா எப்படி? முத்தின எலையும் சேர்ந்து வரணும். அதைப் பிடிச்சா புள்ளி கொறையணும். அப்பதான் கண்ணுல பார்த்து எடுக்கத் தோணும்." இந்த ஒரு சொல்லில் விளையாட்டுக்கு உயிர் வந்தது. அதுவரை வெறுமனே கூடையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது யோசித்து நகர்த்தினார்கள். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "நிறுக்கிறப்ப ரெண்டு கழிப்பாங்களே, அதையும் போடு."

மகள் அதையும் போட்டாள். பத்துப் புள்ளி சேரும்போதெல்லாம் இரண்டு குறையும், காரணம் சொல்லாது. விளையாட வந்த பையன்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "என்ன அநியாயம், நான்தானே பிடிச்சேன்?" என்று கத்தினார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அதுதான் சரியான முறையும்கூட. உங்கள் விளையாட்டை இன்னொருவர் விளையாடும்போது வாயைத் திறக்காதீர்கள். 'அங்க தட்டு, இங்க போ' என்று சொல்லிக் கொடுத்தால் எங்கே அது விளங்கவில்லை என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. இதைப் படித்தால் உடனே வேலை கிடைக்கும், பணம் கொட்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்லி வகுப்புக்குக் காசு கேட்டு வருபவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆரம்பிக்கத் தேவையானதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. 'பிள்ளை இதிலேயே மூழ்கிவிடுமே' என்ற பயமும் வீணல்ல. வியட்நாமில் டொங் நுயென் என்ற இளைஞர் சில நாட்களில் செய்து 2013இல் விட்ட 'ஃபிளாப்பி பேர்ட்' உலகமெங்கும் பரவியது. ஜனங்கள் அதை விட முடியாமல் கிடப்பதைப் பார்த்து, 2014 பெப்ரவரியில் அவரே அதை விலக்கிக்கொண்டார். ஆகவே நேரம் வைத்துச் செய்யட்டும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் மனவருத்தத்தோடு சொல்கிறோம். கணனி திறந்ததும் பையன்கள் ஓடிவந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் தண்ணீர் எடுத்து, தம்பி தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மணித்தியாலத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்றே வைக்கப் போகிறோம். தாய்மார்கள் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டு வேலையிலிருந்து அவர்களை விட்டுவிட வேண்டும்.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். வரும்போது அந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தாள் இல்லாதவர்களுக்கு இங்கே இருக்கிறது, பென்சிலும் இருக்கிறது.