நாலரை மணிக் கச்சேரி



பெங்களூரில் ஸ்ரீராமநவமி என்றால் பானகம், கோசம்பரி, அப்புறம் கச்சேரி. சாமராஜப்பேட்டை ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-ல் எஸ்.வி. நாராயணஸ்வாமி ராவ் ஆரம்பித்தது. பெங்களூர் காயன சமாஜம் அதற்கும் மூத்தது, 1905. பேட்டைக்குப் பேட்டை சின்ன சபாக்களும் உண்டு. அப்படி ஒன்றில் நான் பொருளாளர்; ஜமக்காளம் விரிப்பதும் நானே.

சென்னை வித்வான் வந்தால் நாற்காலி போதாது. உள்ளூர்க் குழந்தைகளுக்கு மாலை நாலரை மணிதான். ஒரு வருஷம் ஒரு பெண் தோடியை நிதானமாகப் பாடினாள். எதிரே ஒன்பது பேர், அதில் இருவர் பெற்றோர். மிருதங்கப் பையன் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு வந்தவன். நானோ டிகாக்ஷன் இறங்கிற்றா என்று பார்க்கப் போய்விட்டேன். (காரியதரிசியும் அங்கேதான் இருந்தார்!) திரும்பினால் தனி ஆவர்த்தனமே முடிந்திருந்தது.

கவரை நீட்டினேன். "மாமா, தனி எப்படி இருந்தது?" என்றான்.

"பேஷா இருந்ததுப்பா" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கூசிப் போனேன். மறு வருஷம் கூப்பிட்டபோது லீவு கிடைக்கவில்லை என்றான்.

இந்த வருஷம் மறுபடி கேட்டேன், வருகிறான். நாலரைக்கு நான் முதல் வரிசையில் இருப்பேன். நீங்களும் வாருங்கள். காபி ஆறு மணிக்கு மேல்தான்.