வயிற்று வலிக்கு ஸ்கேன் எப்போது?

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆசிரியத் தோழர் ஆற்றிய உரை)



என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, நெஞ்சுக்குழி எரிச்சலுக்காகக் கடன் வாங்கி டவுனில் மூன்று தடவை ஸ்கேன் எடுத்தார். மூன்றிலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் வந்தது. மூன்று நாள் பேர் போனது, எரிச்சல் போகவில்லை. இரைப்பைப் புண் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது. அதைப் பார்ப்பதற்கு எண்டோஸ்கோப்பி இருக்கிறது.

ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அது உதவும். வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது என்று கேட்டு, வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அதற்கு அல்ட்ராசவுண்ட் நல்லது. வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி அப்பெண்டிசைட்டிஸாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட். அதில் தெளிவாகத் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. வைத்தியர் மறுபடியும் பார்க்க வேண்டும். சி.ரி. ஸ்கேன் கூடுதலாகக் காட்டும், ஆனால் கதிர்வீச்சு உண்டு.

மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே ஸ்கேன் வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

வயிறு பலகைபோல் இறுகினாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி, மயக்கம், காய்ச்சலோடு கடும் வலி வந்தாலோ, கொழுந்து நிறுத்து முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேன் நிலையத்தைத் தேடியும் போகாதீர்கள். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் கட்டணமில்லை. கிளங்கனோ நுவரெலியாவோ, அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய்ச் சேருங்கள்.

அவசரமில்லாத வலி என்றால் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இந்த ஸ்கேனில் எதைத் தேடுகிறீர்கள்? முடிவைப் பார்த்து வைத்தியம் மாறுமா?" கேட்பது நமது உரிமை.

தோட்டத் தலைவர்மாரே, அம்புலன்ஸ் ஏற முடியாத டிவிஷன்கள் நமக்கு உண்டு. அங்கிருந்து நோயாளியைப் பெரிய பாதைக்கு இறக்க இரவிலும் வாகனம் தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன் மெஷினுக்கு முன்னால் நமக்கு வேண்டியது அந்த வாகனம்தான்.