கடலில் மறைந்த விமானிகள்



1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை நகரம் வெறிச்சோடிப் போயிற்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகள் பூட்டப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரெயிலேறினர். அரசாங்க அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்தது சென்னைதான் என்று யாவரும் அஞ்சினர்.

நகரை விட்டு வெளியேறிய கதை உங்கள் குடும்பங்களிலும் வழங்கக்கூடும். ஆனால் அதே வாரத்தில் அந்தக் கடற்படையைத் தேடிச் சென்று தாக்கிய இளைஞர்களைப் பற்றி நாம் பேசுவது அரிது. அவர்களைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஏப்ரல் 9ஆம் தேதி காலை, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்திருந்த ஓடுபாதையிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் 11ஆம் அணியைச் சேர்ந்த பிளென்ஹீம் குண்டு வீச்சு விமானங்கள் புறப்பட்டன. இரண்டு என்ஜின்களும் மூன்று பேரும் கொண்ட சிறிய விமானம் அது. ஒருவர் ஓட்டுவார்; ஒருவர் வழி கணித்துக் குண்டு வீசுவார்; ஒருவர் கம்பியில்லாத் தந்தியையும் துப்பாக்கியையும் கவனிப்பார். துணைக்குப் போர் விமானம் ஒன்றும் வரவில்லை. எதிரே இருந்தவையோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்.

ஒன்பது விமானங்கள் இலக்கை அடைந்தன. தலைமைக் கப்பலாகிய அகாகியைச் சுற்றிக் குண்டுகள் விழுந்தன. ஒன்றும் கப்பலின்மேல் படவில்லை. பின்னர் அவற்றைவிட வேகமான ஜீரோ விமானங்கள் பாய்ந்தன. ஒன்பதில் ஐந்து திரும்பி வரவில்லை.

‘குறி தவறிய தாக்குதலை ஏன் நினைக்க வேண்டும்?’ என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானியக் கப்பல்கள் திரும்பிச் சென்றதும் இவர்களால் அன்று. தம் வேலை முடிந்ததென்றே அவை சென்றன. மேலும், இவர்கள் பறந்தது ஒரு சாம்ராஜ்யத்தின் கொடியின் கீழ். அதே ஆகஸ்ட் மாதத்தில் அந்தச் சாம்ராஜ்யம் காந்தியடிகளையும் நம் தலைவர்களையும் சிறையில் அடைத்தது. இவ்விரண்டையும் மறைத்துப் பேசினால் அது புகழ்ச்சியாகுமே தவிர, நினைவாகாது.

ஆயினும், அரசு செய்த அநீதிக்கு அந்த இளைஞன் பொறுப்பாவானா? கட்டளை வந்தது, அபாயம் தெரிந்திருந்தது, ஆயினும் அவன் புறப்பட்டான். பயனைக் கொண்டு மட்டும் வீரத்தை அளப்பதானால், தோற்றவர்களுள் ஒருவரையும் நாம் நினைக்க முடியாது. நம் நாட்டு நடுகற்கள் வென்றவர்க்கு மட்டும் எழுப்பப்பட்டவை அல்ல. ஆநிரை மீட்கச் சென்று மாண்டவர்க்கும் கல் நின்றது.

கடலில் மறைந்தவர்க்குக் கல்லறை இல்லை. இப்பகுதியில் காணாமற்போன விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், 24,000க்கு மேற்பட்ட பெயர்களிடையே பொறிக்கப்பட்டுள்ளன. நமக்கு அண்மையில், பரங்கிமலையை அடுத்த நந்தம்பாக்கத்தில், 1952இல் அமைக்கப்பட்ட போர் வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அடையாற்றிலிருந்து சிறிது நேரப் பயணந்தான். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர்.

ஒரு விடுமுறை நாளில் அங்கே சென்று பாருங்கள். கற்களில் பெயருக்கும் படைப் பிரிவுக்கும் கீழே, பலவற்றில் வயதும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்களைப் படியுங்கள். அவற்றுள் பல உங்கள் வயதுக்கு மிக அருகில் இருப்பதைக் காண்பீர்கள்.