பெட்டி யாருக்குப் போகும்?

தோழர்களே, நமக்கென்று ஓர் ஆவண நூலகம் வேணும்னு ரசீதுப் புத்தகம்கூட அடிச்சாச்சு. பத்து வருஷம் கழித்து அதை யார் காப்பாத்துவாங்கன்னு மட்டும் பேசலை.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழ் முழுசாக நம் கைக்கு வரவில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ ஓரளவு தப்பியது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்திருந்ததால்தான் ஞான. அலாய்சியஸ் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பாரா?

என் வீட்டில் இல்லை. அப்பா சேர்த்த மாநாட்டு நோட்டீஸ், சங்கக் கணக்கு நோட்டு எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அவர் செத்த வருஷம் அதை எடைக்குப் போட்டதே நான்தான். அப்போ நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்!

அதனால சொல்றேன், கட்டிடத்தை அப்புறம் பார்க்கலாம். எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்வோம். கடையில் கிடைக்கும் புத்தகம் வேண்டாம். நம்ம துண்டறிக்கை, போட்டோ, வழக்குக் காகிதம் போதும். யார் கொடுத்தது, எந்த ஊர்னு அன்னிக்கே நோட்டில் ஏத்தணும். ஸ்கேன் செய்த படி ரெண்டு ஊர்ல இருக்கணும். அமைப்பு கலைந்தால் பெட்டி யாருக்குப் போகும் என்பதையும் இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடணும். “ஆரம்பிக்கும்போதே கலைக்கிற பேச்சா?” என்று ஒரு தோழர் கோபப்படுகிறார். படட்டும். தீர்மான நோட்டைக் கொண்டு வாங்க.