வண்டிகள் எங்கே நிற்பது?



டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அக்காலத்து வார இறுதிகளில் எங்கள் நல்லதண்ணி வாகனங்களின் ஊராகி விடுகின்றது. மஸ்கெலியாவிலிருந்து வரும் குறுகிய சாலையில் வண்டிகள் வரிசையாக நிற்க, லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கர்ப்பிணியும் அவ்வரிசையிலேயே காத்திருக்க நேர்கிறது.

ஆகவே ஊருக்குள் பெரியதொரு வாகனத் தரிப்பிடம் அமைத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். எங்கே அமைப்பது? மலைநாட்டில் சமதரை அரிது. உள்ள சிறு திட்டுகளில் எம் பிள்ளைகள் பந்து விளையாடுகின்றனர். எஞ்சிய இடத்தில் தேயிலை நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக லயத்து அறையில் வாழும் தொழிலாளி வீடு கட்ட ஒரு துண்டுக் காணிக்காக இன்றும் காத்திருக்க, வண்டிகளுக்கு மாத்திரம் நிலம் எங்கிருந்து முளைக்கும்?

வண்டிகளை ஹட்டனில் நிறுத்துவதே தக்கது என்பேன். அந்நகரும் நெருக்கமானதே, ஆயினும் புகையிரத நிலையம் அங்குண்டு, யாத்திரைக் காலத்து விசேட பஸ்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. கொழும்புக்கு அண்மையில், மாகும்புரவில் வண்டியை விட்டுப் பஸ்ஸில் நகருக்குச் செல்லும் ஏற்பாடு 2021இல் தொடங்கப்பட்டது. அதனை இங்கும் செய்து பார்க்கலாம். வியாபாரம் குன்றும் என்று கடைக்காரர் அஞ்சுகின்றனர். எதில் வந்தாலும், தேநீர் அருந்தாமல் இம்மலை ஏறுவோர் மிகச் சிலரே! முச்சக்கரவண்டிக்காரரின் கவலை வேறு. அவர்களை அழைத்துப் பேசாமல் எதையும் முடிவு செய்தல் ஆகாது.

சூரியோதயம் காண விழைவோர் இரவிலேயே ஏறுகின்றனர். ஆதலால் நள்ளிரவிலும் பஸ் ஓடுதல் வேண்டும். அவ்வுறுதி கிடையாவிடின் எவரும் தம் வண்டியை ஹட்டனில் விட்டு வரமாட்டார்.